காதில் பிழையில்லை

மருதனார்மடத்து மெக்கானிக்கின் வலது காதில் எப்போதும் கிறீஸ் ஒட்டியிருக்கும். நீண்ட திருப்புளியின் நுனியைக் கியர்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அத்தானிடம் நான் இரவல் வாங்கிய பிக்கப்பின் கியர்பெட்டியில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது. இருவருமாக அவரிடம் கொண்டுபோனோம்.

காதை எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "மணலுக்குப் போடுற ஃபோர் வீல் கியரைத் தார் றோட்டிலை போட்டு ஓடியிருக்கிறியள். அதுதான் இடிக்குது."

மணல்காட்டில் போட்டதை எடுக்க மறந்து, நல்லூர் வரை அப்படியே ஓடி வந்தவன் நான்தான். பக்கத்தில் அத்தான் நின்றார்.

"இல்லை அண்ணை," என்றேன்.

அவர் திருப்புளியைத் துடைத்தார். "அப்ப என்ரை காதுக்கு வயசு போயிட்டுது."

போன மாதம் என் சொந்த வாகனத்தைக் கொண்டுபோனேன். நெடுநேரம் கேட்டுவிட்டு, திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. இப்ப நான் என்ரை காதை நம்புறேல்லை."

வாங்கிக் காதில் வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.