தவமணி மிஸ்ஸும் என்ட நீலப் பேனையும்

தவமணி மிஸ் மோசம் போயிட்டாவாம்.

காலையில பழைய லேப் ஆக்கள்ற வட்ஸ்அப் குரூப்பிலதான் பாத்தன். ரெண்டு நாளா நெஞ்சு நோ எண்டு இருந்தாவாம், ராவு உசிர் போயிட்டாம்... ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. சொல்லியிருந்தா மட்டும் நான் என்னத்தக் கிழிச்சிருப்பன்.

குரூப் முழுக்க பூவும் கும்பிடு கையும். எங்கட பழைய பெரிய டொக்டர் சேரும் "அர்ப்பணிப்பான சேவையாளர்" எண்டு போட்டிருக்கார். நல்லா இரிக்கி சேர். இருக்கக்குள்ள ஒரு கையெழுத்துக் குடுக்காத நீங்க.

கீழ எனக்கு ஒரு மெசேஜ். லேப்ல எல்லாருக்கும் நான் 'நானா', அண்ணன் மாதிரி. "நானா, உங்கட எழுத்துதான் வடிவு. ரோட்டில கட்டுற அஞ்சலி பெனர நீங்களே எழுதித் தாங்க."

அதுக்குப் பிறகுதான் இந்தப் போஸ்ட்ட எழுதக் குந்தினன்.

மிஸ் வீரமுனைத் தமிழ் ஆள். நான் கல்முனைக்குடி முஸ்லிம். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

கர்ப்பப்பை வாயில டியூமர் வந்த பொம்புளையள்ற சதையில சின்னத் துண்டு எடுத்து, மெழுகுக்குள்ள வச்சி, அதுட வெள்ளப் பிளாஸ்டிக் கூட்டில நம்பர் போட்டு அடுக்கி வைக்கிற வேல எங்கட. தீப்பெட்டியில பாதி வரும் ஒரு துண்டு.

மிஸ்ட தங்கச்சி அந்த வருத்தத்திலதான் போனவ. ரெண்டு சின்னப் புள்ளையள விட்டுட்டு.

அது ஆம்புள பொம்புள உறவில தொத்துற சாதாரண வைரஸ் ஒண்டால வாறது, கனபேருக்கு வந்த இடம் தெரியாமப் போயிரும், சிலபேருக்குத்தான் உள்ளுக்கயே கிடந்து டியூமராகும் எண்டு வெளிநாட்டில கண்டுபிடிச்சிட்டாங்க. எங்கட பொம்புளையள்ற டியூமருக்குள்ளயும் அது இரிக்கா எண்டு ஆரும் பாக்கல்ல. மிஸ் பாக்க நிண்டா. இரிக்கி எண்டு காட்டினா, முன்கூட்டியே பாக்கிற டெஸ்ட்ட இஞ்ச கேட்டு வாங்கலாம். அவட கணக்கு அவ்வளவுதான்.

அதுக்கு துண்டு குடுத்த பொம்புளையள்ற வீடு வீடாப் போய் கேள்வி கேக்கணும். எத்தின வயசில கலியாணம், எத்தினாவது கலியாணம்... வீரமுனைப் பொம்புள எங்கட தெருவுக்குள்ள வந்து இதக் கேக்கிற காலமா அது? தமிழாக்களும் எங்கட ஆக்களும் ஒருத்தர ஒருத்தர் நம்பாத சண்டக் காலம்.

என்ட ராத்தா, கூடப் பொறந்த அக்கா, அவதான் கூட்டிட்டுப் போனா. "இதென்ன கேள்வி புள்ள, ஆம்புளையள் கேட்டா வெட்டுவானுகள்" எண்டு ஒருத்தி கதவச் சாத்தப் போனாளாம். ராத்தா கதவுக்குள்ள கால வச்சிட்டு, "உன்ட உசிருக்குத்தான் கேக்கிறா. வாயத் திற" எண்டிருக்கா.

லேப்ல மிஸ்ட ஒரே ஓதல்... "பென்சில் நானா, பென்சில்." மருந்திலயும் தண்ணியிலயும் மை கரையும், பென்சில் கரையாது. லேப் ஆக்களுக்கு அது பால்குடிப் பாடம்.

ஆனா என்ட எழுத்து வடிவு எண்டு ஊரே சொல்லும். கலியாணக் காட் கவர்ல பேர் எழுத என்னத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பெரும புடிச்ச புத்தி.

ரெண்டாயிரத்து நாலு கடைசியில, கொழும்பில இருந்து பெரிய டொக்டர்மார் துண்டுகளப் பாக்க வாறாங்க எண்டாங்க. மிஸ் லீவு. அவட பென்சில் நம்பர் மங்கலாக் கிடந்த. நான் ஒவ்வொண்டா அழிச்சிட்டு நீலப் பேனையால வடிவா எழுதினன். பாதிக்கு மேல.

அடுத்த கிழம சுனாமி.

ராத்தாவ மூணாம் நாள்தான் எடுத்த. அதுக்கு மேல அதப்பத்தி எழுத ஏலா.

லேப்புக்குள்ள இடுப்புக்குச் சேறு. மிஸ் கையால தோண்டித் தோண்டி எடுத்தா. மெழுகுக்கு ஒண்டும் ஆகல்ல. பேரும் பதிலும் எழுதின கொப்பியும் வீரமுனையில, அவட வீட்டில, பத்திரமா இருந்த. நம்பர் இருந்தாப் போதும்.

பென்சிலால எழுதினதில நம்பர் இருந்த. நான் எழுதினதெல்லாம் வெறும் வெள்ள.

மிஸ் ஒரு துண்டக் கையில வச்சிட்டு கன நேரம் பாத்தா. ஓரத்தில நீலம் கொஞ்சம் ஊறியிருந்த. பிறகு என்னப் பாத்தா. நான் ராத்தாவ அடக்கிட்டு வந்து நாலு நாள்.

"கடல் தண்ணி அழிச்சிட்டு நானா" எண்டா. சேருக்கிட்டயும் அதத்தான் சொன்னா.

சேர் விடல்ல. "நம்பர் அழியிற மாதிரி வச்சிருந்தது ஆர்ர கவனக்குறைவு?" எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினார். மிஸ் நிலத்தப் பாத்துட்டு நிண்டா. நான் பக்கத்திலதான் நிண்டன். வாயத் திறக்கல்ல. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தன்? இல்ல. பயம். வேல போயிரும் எண்ட பயம்.

மிஸ் திரும்ப முதல்ல இருந்து சேத்தா. நாலு வருசத்துக்கு மேல. ராத்தா இல்லாம, தனிய, கதவு கதவா.

சண்ட முடியிற நேரம் துண்டுகள வைரஸ் டெஸ்ட்டுக்குக் கொழும்புக்குக் கொண்டு போக ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்டா. "போன தரம் உங்கட கவனம் தெரிஞ்சதுதானே" எண்டு சேர் கையெழுத்து வைக்கல்ல. அப்பவும் நான் பக்கத்து மேசை. அப்பவும் வாயத் திறக்கல்ல.

கடிதம் இல்லாமப் பஸ் ஏறினா. செக் பொயின்ட்டில பெட்டியத் திறந்த ஆமிக்காரனுக்கு மெழுகுக் கட்டியப் பாத்தா குண்டு மருந்து மாதிரி இருந்திருக்கு. தமிழ்ப் பொம்புள, கடிதமும் இல்ல. பின்னேரம் வரைக்கும் குந்த வச்சிட்டு ஆளை விட்டாங்க. பெட்டிய விடல்ல.

"அது பொம்புளையள்ற சத எண்டு சொன்னன் நானா... ஒருத்தன் கையக் கழுவப் போயிட்டான்." இதச் சொல்லிட்டுச் சிரிச்சா. பிறகு அந்த வேலயத் தொடவே இல்ல.

இப்ப அந்த வைரசுக்குப் பள்ளிக்கூடத்தில பொம்புளப் புள்ளையளுக்கு ஊசி போடுறாங்க. ஆரோ எங்கயோ பாத்து, ஆரோ சொல்லி. மிஸ்ட பேர் அதில ஒரு மூலையிலயும் இல்ல.

போன வருசம் என்ட மகள்ற கலியாணத்துக்கு மிஸ் வந்தா. கையில கலியாணக் காட். கவர்ல அவட பேர், என்ட எழுத்து, நீலப் பேன.

"எழுத்து இன்னும் அதே வடிவு நானா" எண்டா. அவ்வளவுதான். புரியாணி சாப்பிட்டா, மகளுக்கு முத்தம் குடுத்தா, போயிட்டா.

குரூப்பில இரிக்கிற ஆக்களுக்கு... பெனர வேற ஆரையாவது கொண்டு எழுதுங்க. நான் எழுத மாட்டன்.

சேர், நீங்களும் வாசிங்க. அந்த நம்பர அழிச்சது நான்.

பின்னேரம் வீரமுனைக்கு வாறன் மிஸ். உங்கட முகத்தப் பாக்க ஏலுமா தெரியா.