வெளியிலிருந்து கொண்டுவந்தது

என் கணவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருட்கள்தான். சுத்தமானவை, கன்டாமினேஷன் ஆனவை. அணுமின் நிலையத்தில் வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையிலோ காலிலோ கதிர்வீச்சுத் தூசு ஒட்டியிருக்கிறதா என்று சோதித்து அனுப்புவது அவர் வேலை. அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். இட்லி மாவில் ஈரக் கரண்டி பட்டால் கன்டாமினேஷன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செருப்பு கன்டாமினேஷன். திருச்சியிலிருந்து என் அம்மா கொண்டுவந்த ஊறுகாயைக்கூட ஜாடி மாற்றாமல் உள்ளே விடமாட்டார். அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பில் அவரைப் போல இன்னும் சிலர் இருந்ததால், பெண்கள் நாங்கள் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அவர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்துதான் அந்த நாற்காலிக்கு வந்தார். அதனால் விதி என்றால் அவருக்கு விதிதான். அதை நான் கேலி செய்திருக்கிறேனே தவிர, குறையாக நினைத்ததில்லை.

செங்கல்பட்டில் ஒரு கடையில் சொல்லி வைத்துக் கம்ப்யூட்டர் வாங்கினோம். வந்த நாளிலிருந்தே அதற்கு மடி ஆசாரம். துணி உறை, தனி அறை, செருப்பு வெளியே. பக்கத்து வீட்டம்மா, வைரஸ் குழந்தைகளுக்கு ஒட்டுமா என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். ஆன்டி வைரஸ் சிடி ஒன்றும் வாங்கிப் போட்டார் இவர். அதை அவ்வப்போது புதுப்பிக்க இன்டர்நெட் வேண்டும். எங்கள் தொலைபேசி இணைப்பில் அது நத்தை வேகத்தில் ஏறிப் பாதியில் நின்றுவிடும். எனவே பழைய காவல்காரனை வைத்தே காலம் தள்ளினோம்.

கம்ப்யூட்டர் வாங்கியதே எனக்காகத்தான். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரை மணல்மேடுகளில் என்னென்ன முளைக்கிறது என்பது என் ஆய்வு. விடுமுறை நாட்களில் ஒரு மரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். அதை மணலில் வைத்து, உள்ளே அடும்புக் கொடி எத்தனை, இராவணன் மீசைப் புல் எத்தனை என்று எண்ணி, டிஜிட்டல் கேமராவில் ஒரு படமும் எடுப்பேன். வலை உலர்த்துகிற பெண்கள், அம்மா எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று கேட்டுச் சிரிப்பார்கள். வெயிலில் முகம் கருத்துப் போனது. ஆனால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு சுனாமி வந்தது. நாங்கள் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். கடற்கரையில் போன உயிர்களுக்கு முன்னால் மணல்மேட்டைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது நான் சட்டம் வைத்த மேடுகள் பலவற்றைக் காணோம். மிச்சம் இருந்தவற்றைச் சமன்செய்து சவுக்குக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஆய்வு வழிகாட்டியம்மா கணக்குகளையும் படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் கரை முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு இனிமே யாரும் போய் எண்ண முடியாது, சீக்கிரம் எழுதி முடி” என்றார். எழுதினேன். எண்களையும் படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும், கையால் எழுதிய தாள்களைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் நிரந்தரம் என்று நம்பிய காலம் அது.

எண்கள் வராத முதல் இரண்டு அத்தியாயங்களை அச்செடுக்க, பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அச்செடுத்ததைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகி, வழிகாட்டியம்மா சொன்ன திருத்தங்களைச் செய்யலாம் என்று ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் விற்ற கடைக்குப் போன் போட்டார். எந்த நோய்க்கும் அவர்களிடம் ஒரே மருந்துதான்: ஃபார்மட் அடி. அழிக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே, அழிக்க என்ன இருக்கிறது என்றேன். நிலையத்தில் செய்வதைப் போலவே செய்தார். முதலில் பென் டிரைவ். பிறகு கம்ப்யூட்டர். ஒருமுறை துடைத்தால் போதாது என்று திரும்பவும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். முடிந்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இப்ப க்ளீனா கீது. நீதாம்மா வெளியிலேர்ந்து கொண்டாந்துட்ட.”

திட்டவில்லை. உண்மையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. நான்தான் போனேன். நான்தான் கண்ட கம்ப்யூட்டரில் செருகினேன். தாள்களை எடைக்குப் போட்டவளும் நானே. யார் மேல் கோபப்படுவது? வழிகாட்டியம்மா நல்லவர். சுனாமிக்குப் பிறகு கரையில் என்ன திரும்ப முளைக்கிறது என்று புதிதாகத் தொடங்கலாம், பதிவு முடிய இன்னும் காலம் இருக்கிறது என்று பலமுறை சொன்னார். தலையாட்டிவிட்டு வருவேன். மரச் சட்டத்தைக் கையில் எடுத்தாலே, எதையும் ஒழுங்காகக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா என்று தோன்றும். வீட்டுக்கு விருந்தாளி வந்து ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே வைரஸ் கதையைச் சொல்வார். “இவதான் கொண்டாந்தா” என்கிற இடத்தில் நானும் கூடச் சிரிப்பேன். பதிவு காலாவதியானது. ஆய்வைக் கை கழுவினேன்.

அதற்குப் பிறகுதான், கல்லூரியில் கணினித் துறைத் தோழி ஒருத்தியின் தேர்வு வினாத்தாள்களுக்கு இதே கதி வந்தது. நான் பதறினேன். அவள் சாவகாசமாகத் தேநீர் குடித்தபடி கம்ப்யூட்டரில் எங்கேயோ போய் எதையோ மாற்றினாள். மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. உள்ளே எல்லாம் இருந்தது. இந்த வைரஸ் எதையும் தின்னாது மேடம், அசலை ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் ஒரு போலியைக் காட்டும், அவ்வளவுதான் என்றாள். என் அடும்பும் இராவணன் மீசையும் அன்றைக்கு அங்கேயேதான் இருந்திருக்கின்றன. நாங்கள்தான் உயிரோடு இருந்ததை அழித்திருக்கிறோம்.

அவரிடம் சொல்லவில்லை. விதி தவறாத மனிதர். தன் கையால்தான் அழிந்தது என்று தெரிந்தால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அந்த இரக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, என்னைவிட இளைய ஆசிரியை ஒருத்தி முனைவர் பட்டம் வாங்கினாள். கல்லூரியில் சின்னதாகத் தேநீர் விருந்து. அவரும் வந்திருந்தார். மேடம் ஏன் முடிக்கவில்லை என்று யாரோ அவரிடம் கேட்டார்கள். வழக்கமான கதை வரும் என்று நான் சிரிக்கத் தயாரானேன். வரவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பினோம். அணுபுரத்தில் இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

“அன்னிக்கு உன் ஃபோல்டரு எங்கியும் போவல. அங்கதான் இருந்துது. நாந்தான் அழிச்சுட்டேன்.”

“தெரியும்” என்றேன்.

நின்றுவிட்டார். தோழி காட்டியதைச் சொன்னேன். நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று மறைத்தேன் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு அடுத்த மாசமே தெரியும். ப்ளான்ட்டுல கம்ப்யூட்டர் பாக்கறவரு கைல, க்ளீன் பண்ணிட்டேன்னு பெருமையா சொன்னேன். அவருதான் சொன்னாரு.”

அடுத்த மாதம். அப்போது என் பதிவு காலாவதியாக இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வழிகாட்டியம்மா என்னை அழைத்து அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் எத்தனை விருந்தாளிகள், எத்தனை முறை அந்தக் கதை. ஒவ்வொரு முறையும் தெரிந்தே சொல்லியிருக்கிறார். நான் தெரியாமல் சிரித்திருக்கிறேன். தெருவிளக்கின் கீழே நின்று, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ உம்மேலதான் தப்புன்னு நெனச்சுகினு சும்மா இருந்த. சொன்னா எம்மேல கோவம் வரும்னு பயந்துட்டேம்மா.”

“வந்திருக்கும்” என்றேன். “அந்தக் கோவம் வந்திருந்தா, நான் மறுபடியும் எழுதியிருப்பேங்க.”