லிஃப்டில் வந்த நாரை

பூங்கா அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். மக்களை இயற்கையோடு நடக்கச் சொல்லி வாசகம் எழுதுவது அவர் வேலை; அதனால் பெயரே வாசகக்காரர். "பச்சை மரம் பார்த்து நட, பத்து நோயும் பயந்து ஓட" அவர் எழுதியதுதான். ஜன்னல் இல்லாத அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதினார். குளக்கரைப் பக்கம் அவர் போனதில்லை. எழுதவே நேரம் போதவில்லையாம்.

அவருடைய வாசகப் பலகைகளையெல்லாம் அலுவலகம் குளக்கரைப் பாதையிலேயே நட்டது. அதாவது, நடந்துகொண்டிருப்பவரை நிறுத்தி, நடங்கள் என்று சொல்லும் ஏற்பாடு. வீட்டில் சோபாவில் இருப்பவருக்குச் செய்தி போகவில்லை. சோபாவில் இருந்தவர் அவர் மனைவி. புது வாசகத்தைப் படித்துக் காட்டினால், "நல்லாருக்குங்க" என்பார். கால் அசையாது.

அப்புறம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்கு ஒரு புது ஆள் வந்தார். வந்த வாரமே வாசகக்காரர் வீடு இருக்கும் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினார்: "குளத்துக்கு நாரை வந்திருக்கு." எதுகை இல்லை, மோனை இல்லை.

மறுநாள் காலை மனைவி செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்ட?"

"நாரை வந்திருக்காம். லிஃப்ட்ல போட்டிருக்கு. யார் எழுதினாங்களோ, நம்மகிட்டயே பேசற மாதிரி இருக்கு."

வாசகக்காரருக்கு வயிறு எரிந்தது. மனைவி தினமும் போனார்; வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தும்மினால்கூட, பேர் வாங்கத்தான் தும்முகிறார் என்று தோன்றியது.

நாரையே இல்லை, எல்லாம் புளுகு என்று நிரூபிக்க ஒரு காலை மனைவியின் பின்னாலேயே போனார். மரத்துக்கு மரம் ஒளிந்து, மூச்சிரைக்க. தண்ணீரோரம் ஒரு பலகைமேல் நாரை நின்றது. பலகை இவருடையது.

மனைவி திரும்பாமலே சொன்னார்: "மெதுவா வாங்க. நீங்க விடற மூச்சுல பறந்துடப் போகுது."

"அது என் பலகை."

"அப்படியா? தினம் பாக்கறேன், என்ன எழுதியிருக்குன்னே தெரியல."

பலகை முழுக்க எச்சம்.

மறுநாளிலிருந்து வாசகக்காரர் வாளியும் துணியுமாகக் குளக்கரைக்கு நடக்கிறார். இவர் துடைப்பார், நாரை மறுபடி எழுதும். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ரசிப்பார்.

போன வாரம் லிஃப்டில் புதுச் சீட்டு: "நாரையோட ஒருத்தர் தினமும் சண்டை போடறார். காலையில வந்தா பாக்கலாம்."

குளக்கரையில் இப்போது நல்ல கூட்டம். சீட்டைக் கிழிக்கத்தான் வாசகக்காரர் கையை நீட்டினார். இன்னொரு தடவை படித்தார். நன்றாக இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.