எண்பதுக்கு மேல் போகாத டாக்சி

காலையில் காரைக் கிளப்பி, தெருமுனையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியதும் கார் 'டிங்' என்கிறது. நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கால் கொஞ்சம் அழுந்திவிட்டது, அவ்வளவுதான். முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் கேமரா சாலையோரப் பலகையில் முப்பது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டது. மறுபடி 'டிங்'. அதற்கும் மசியாவிட்டால் பெடல் என் பாதத்தை மெல்ல மேலே தள்ளுகிறது. ஓங்கி மிதித்தால் விட்டுக்கொடுத்துவிடும். மிதிக்காதவரை பிடித்துவைத்திருக்கும். இப்போது ஐரோப்பாவில் வரும் புதுக் கார் எல்லாவற்றிலும் இப்படி ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைக்கலாம். ஆனால் காரை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் அதுவும் விழித்துக்கொள்ளும்.

பாரிசுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரரின் பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவள் நான். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இதற்காகவே முப்பத்தைந்து வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் காரில் ஏறியதும் முதலில் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். நான் மட்டும் அழுத்துவதில்லை. ஒருநாள் உடன் வேலை செய்யும் சில்வி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பொறுக்க முடியாமல், இந்தச் சத்தத்தை ஏன் வைத்துக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டாள். "என் தம்பியால்தான்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இவர்கள் மொழியில் தம்பிக்கு 'ஃப்ரேர்', பிரேக்குக்கு 'ஃப்ரேன்'. என் நாக்கு எதைச் சொன்னதோ, அவள் காது எதைக் கேட்டதோ, முகம் வெளிறிப் போனாள். மறுநாள் என் காரை பிரேக் கோளாறு என்று பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். தம்பியும் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நான் சில்விக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு காபி முழுக்கத் தேவைப்பட்டது.

அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். ஊரில் இருக்கும் நீங்களும், என்னைப் போல் எங்கெங்கோ வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும், இந்தச் சத்தத்தைத் திட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மரக்காணத்தில் ஈசிஆர் சாலையை ஒட்டி அத்தாவுக்கு மளிகைக்கடை. எதிர்ப்புறம் உப்பளம். எனக்கு நிக்காஹ் முடிந்து, விசாவுக்காக அம்மா வீட்டில் காத்திருந்த காலம் அது. தம்பி அன்வர் காலேஜ் முடித்துவிட்டுக் கடையில் ஒத்தாசையாக இருந்தான். ஒருநாள் உப்பள வேலையாட்களுக்கு டீத்தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்தான். கடையில் நான் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன். டயர் தேயும் சத்தம் முதலில் கேட்டது, வெகு நேரம் கேட்டது போல் இருந்தது. அப்புறம்தான் அந்த 'டொம்'. ஓடிப்போய்ப் பார்த்தால் அன்வர் மணலில் கிடக்கிறான். வலது கால் கால் மாதிரியே இல்லை. சர்க்கரை தார்ச்சாலையெல்லாம் சிதறிக் கிடந்தது.

மோதியது சென்னையிலிருந்து வந்த மஞ்சள் போர்டு டாக்சி. உப்பளத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து டிரைவரைச் சட்டையோடு பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். ஒருவர் ஓங்கி அறைந்தார். அந்தச் சாலையில் போன உயிர்களுக்கெல்லாம் சேர்த்து விழுந்த அறை அது. சனி ஞாயிறானால் பறக்கும் கார்கள் எதையும் அவர்களால் பிடிக்க முடிந்ததில்லை. இந்த ஒருவர்தான் கையில் கிடைத்தார். அவரும் ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. அப்போது கீழே கிடந்த அன்வர்தான் கத்தினான்.

"அண்ணே, அடிக்காதீங்கண்ணே! நான்தான் பார்க்காம வந்துட்டேன். அவரு பிரேக் போட்டுக்கினுதான் வந்தாரு!"

கூட்டம் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் டிரைவர் எழுந்து வந்து அன்வரைக் குழந்தை போலத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். அத்தா முன்னால் ஏறினார். நான் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கார் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியை நோக்கிக் கிளம்பியது.

அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. சாலை காலியாக இருந்தது. அனுமந்தை வந்தது, போனது. அன்வர் முனகுவதை நிறுத்திவிட்டான். கார் மட்டும் ஒரே வேகத்தில், சீராக, ஊர்வலம் போவது போல் போய்க்கொண்டிருந்தது.

"வேகமா போங்க! என்னாங்க ஓட்டுறீங்க, கால அழுத்துங்க!" என்று நான் கத்தினேன்.

"அழுத்திட்டுத்தாங்க இருக்கேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "இதுக்கு மேல போவாதுங்க. கவர்னர் போட்ருக்குது. எண்பதோட நின்னுடும்."

கவர்னர் என்றால் வாடகை வண்டிகளில் கட்டாயமாக மாட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. ஏதோ சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தார்.

"இந்தச் சனியன நான் திட்டாத நாளில்லைங்க. கஸ்டமரு திட்டுவாங்க, ஓனரு திட்டுவாரு. இது மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் நூறு, நூத்திப்பத்துல வந்திருப்பேன். தம்பி அங்கேயே போயிருக்கும். இப்ப பாருங்க, கொண்டும் போவ வுட மாட்டேங்குது."

அத்தா டிரைவரின் தோளில் கையை வைத்தார். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

அன்வர் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். தொடையில் கம்பி வைத்தார்கள். தலையில் அடி இல்லை. "வண்டி நல்லா ஸ்லோ ஆயிருக்கு, இல்லன்னா இவர இங்க கொண்டு வந்திருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். டிரைவர் பெயர் வேல்முருகன், கிளியனூர்க்காரர். ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்களோடு உட்கார்ந்தே இருந்தார். போலீஸ் கேஸ் முடிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. வயலில் வேர்க்கடலை பிடுங்கினால் ஒரு பை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ரம்ஜானுக்கு அம்மா அவருக்குத் தனியாக பிரியாணி எடுத்து வைப்பார். நான் பிரான்சுக்குக் கிளம்பியபோது மீனம்பாக்கம்வரை கொண்டுவந்து விட்டதும் அவர்தான், அதே டாக்சியில், அதே எண்பதில். "ஏம்மா, ஃபிளைட்ட வுட்டுடுவோமோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் சாப்பாடு கொடுக்கும் வீடுகளில் ஒன்று மெஸ்யே பெர்த்தி என்ற பெரியவருடையது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய காரை எடுப்பார். இந்தக் கருவி பற்றிப் பேச்சு வந்தால் சூப் ஆறிவிடும். இன்று மணி அடிக்கும், நாளை பெடலைத் தள்ளும், நாளன்றைக்கு நம்மை மீறவே விடாது, வளர்ந்த மனிதனைத் தொட்டில் பிள்ளையாக்குகிறார்கள் என்பார். அவசரத்துக்கு ஒரு லாரியை முந்த வேண்டியிருந்தால் சட்டம் போட்ட மந்திரி வந்து முந்துவாரா என்று என்னைக் கேட்பார். நான் தம்பியின் கதையைச் சொன்னேன். எண்பது, தம்பி, ஆஸ்பத்திரி, பிழைத்தான் என்று துண்டு துண்டாகத்தான் சொல்ல வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்பது வயதில் இப்படி ஒரு அடி தாங்கினாரே, உறுதியான மனிதர்" என்றார். திருத்த மனம் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் என் வயதான தம்பியின் நலம் விசாரிக்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கேமரா சில நேரம் பக்கத்துச் சாலையின் பலகையைப் படித்துவிட்டு, பெருஞ்சாலையில் நடுவழியில் என்னைப் பிடித்து இழுக்கும். பின்னால் வருகிறவன் விளக்கை அடித்துத் திட்டுவான். கீழ்புத்துப்பட்டுச் சாலையில், தம்பியின் தலை மடியில் கிடக்க, யாராவது அந்தக் கருவியைப் பிடுங்கி எறிய முடியுமா என்று தவித்தவளும் நான்தான். இரண்டு பக்கத்திலும் நின்றவள் என்பதால் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. கணக்குப் பார்த்தால், அன்வர் இருக்கிறான் என்ற பக்கம்தான் தட்டு தாழ்கிறது. அதனால் பொத்தானைத் தொடுவதில்லை.

சென்ற கோடையில், எங்களுக்கு வேலண்ணன் ஆகிவிட்ட வேல்முருகனின் மகளுக்குக் கிளியனூரில் கல்யாணம். அதற்காகவே ஊருக்குப் போனேன். அன்வர் இப்போது சுற்றுலா வேன் வைத்திருக்கிறான். கொஞ்சம் சாய்ந்து நடப்பான், ஓட்டுவதில் குறையில்லை. வீட்டார் எல்லோரும் பின்னால் ஏறிக்கொள்ள, நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டும் முன்பே ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

"பார்த்தியாக்கா, ஓவர்டேக் எடுக்க முடியல. பாதியில செத்துடுது. எவன் கண்டுபிடிச்சான் இந்தக் கவர்னர? இதாலதான் ஆக்சிடென்ட்டே ஆவுது" என்றான் அன்வர்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீயாடா இத சொல்ற? அப்ப வயர வெட்டிட வேண்டியதுதானே?"

அவன் கண்ணாடியில் பின்னால் வந்த கார்களைப் பார்த்தான். "மெக்கானிக்கும் அதான் கேட்டான். அஞ்சு நிமிஷ வேலைன்னான். வெட்டிட்டு வேலண்ணன் மூஞ்சிய எப்படிக்கா பார்க்கறது?"

உப்பளப் பக்கம் வந்தோம். இருபுறமும் பாத்திகள் கண் கூச வெளுத்துக் கிடந்தன. வேலை முடிந்த பெண்கள், தலையில் முண்டாசோடு, சாலையோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி இறங்கிக் கடக்க ஆரம்பித்தாள், மற்றவர்களும் இறங்கினார்கள். வேன் மெதுவானது, பிறகு நின்றது. பெண்கள் போனார்கள். கடைசியாகப் போனவள் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போனாள். அன்வரும் கையை உயர்த்தினான். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தான்.

"என்னாக்கா பண்ற?"

என் வலது கால் வேனின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் நெளிந்து, செருப்பு கழன்று, வெறும் ரப்பர் விரிப்பை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் எதையோ பிடிப்பதுபோல் முன்னால் நீண்டிருந்தன.

"பிரான்சுல டிரைவர் சீட்டு இந்தப் பக்கம்டா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான். வேன் நகர்ந்தது. நான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கால் மட்டும், கிளியனூர் வரும்வரை, அங்கே இல்லாத ஒரு பிரேக் பெடலின் மேலேயே இருந்தது.