புகைக்கு நம்பர் போட்ட உத்தியோகம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லுக்கு வெளியே எரியோடு போகும் சாலையில் இருந்த ஒரு சாயப் பட்டறையில் நான் டைப்பிஸ்ட் குமாஸ்தா. நூலுக்குச் சாயம் ஏற்ற வெந்நீர் வேண்டும், வெந்நீருக்குக் கொதிகலன் வேண்டும், கொதிகலனுக்கு விறகு வேண்டும். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட நிர்வாகம், விறகு எரிந்தால் புகை வரும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டறைக்குக் கிழக்கே மல்லிகைத் தோட்டங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தபோது மொட்டெல்லாம் கரி படிந்தது. தோட்டக்காரர்கள் மனுப் போட்டார்கள். விசாரிக்க வந்த சுகாதார அதிகாரி, "புகையைத் தினமும் யார் கவனிக்கிறாங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் சென்னைக்காரர். பேச்சில் கெட்டிக்காரர். கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டி, "இவர்தான் சார். இதுக்குன்னே தனியா ஆள் போட்டிருக்கோம்" என்றார். அதிகாரிக்கு அந்தச் செய்தி தெரிந்த அதே நிமிஷத்தில்தான் எனக்கும் தெரிந்தது.

அதிகாரி வழி சொல்லிக்கொடுத்தார். ஓர் அட்டையில் நாலு கட்டம் வரைந்து வெள்ளை, இளஞ்சாம்பல், அடர்சாம்பல், கறுப்பு என்று மை பூச வேண்டும். அதைப் புகைக்கு நேரே பிடித்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த நம்பரை நோட்டில் எழுத வேண்டும். அவர் ஜீப் கிளம்பியதும் அட்டையைத் தயார் செய்து மேனேஜரிடம் காட்டினேன். அவர் கத்தரிக்கோல் எடுத்து நாலாவது கட்டத்தை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நம்ம கம்பெனியில கறுப்புப் புகை வராது. வராததுக்கு எதுக்கு நம்பர்?"

அன்றிலிருந்து காலையும் மாலையும் முற்றத்தில் நின்று வானத்துக்கு அட்டை காட்டினேன். சாயத் தொட்டி ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கன்னங்கரேலென்று வந்த புகைக்கு மூன்று போட்டேன். மேனேஜர் சனிக்கிழமைகளில் நோட்டை வாங்கி, "கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லி, மூன்றையெல்லாம் இரண்டாகத் திருத்தினார்.

புரட்டாசி வாக்கில் ஓர் அம்மாள் ஆபீசுக்கே வந்தார். கிழக்குத் தோட்டத்துக்காரர். மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் மேஜைமேல் விரித்தார்.

"நேத்துக் காலைல வெள்ளையாத் துவைச்சு வரப்புல போட்டேன் தம்பி. சாயந்தரம் இப்புடி இருக்கு. நீங்க ஏதோ நம்பரு போடுறீகளாமே, இது எத்தனாம் நம்பரு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அட்டையைத் துண்டின்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று கட்டத்தில் எதோடும் அது சேரவில்லை. "இதுல இல்லம்மா" என்றேன்.

"இல்லையா? அப்ப எழுத மாட்டீகளா?"

அன்று மாலை நோட்டில் நம்பர் போடவில்லை. 'அட்டையில் இல்லாத நிறம்' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். சனிக்கிழமை வருவதற்குள் அதிகாரியே வந்துவிட்டார். நோட்டைப் படித்தார். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"நாலாவது கட்டம் எங்கே?"

"கரையான் அரிச்சிடுச்சு சார்" என்றார் மேனேஜர். கரையான் இவ்வளவு நேராக அரிக்குமா என்று அதிகாரி கேட்கவில்லை. ஒரு மாதத்தில் புகை குறைய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேனேஜருக்கு உடனே யோசனை பிறந்தது. புகைபோக்கியை இருபதடி உயர்த்திவிட்டால் புகை மல்லிகையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் இதுவரை மனுப் போட்டதில்லை. கொத்தனாருக்கு எழுதச் சொன்ன கடிதத்தை டைப் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து கொதிகலன் பக்கம் போனேன். அங்கே இருபது வருஷமாகத் தீப்போடும் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கொத்தனாரு எதுக்கு அப்பு? மழைல நனைஞ்ச பச்சை வெறகத் தள்ளுறாக, பொகையாமப் பூவா பூக்கும்? ஒரு கூரையப் போட்டு வெறகக் காய வைக்கச் சொல்லு. செத்த காத்தும் உள்ள போகட்டும்."

"இத ஏன் இம்புட்டு நாளாச் சொல்லலை?"

"யாரு கேட்டா?"

பெரியவர் சொன்னதை ஒரு குறிப்பாக டைப் அடித்து, காய்ந்த விறகு குறைவாகச் செலவாகும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். மேனேஜர் அந்த வரியை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டார். கீற்றுக் கொட்டகை எழும்பியது. விறகு காயக் காயப் புகை மெலிந்தது. தை மாதம் கிழக்குத் தோட்டத்து மல்லிகை, திண்டுக்கல் நாகல் நகர்ப் பூக்கடைகளில் வெள்ளையாகவே விற்றது.

நிர்வாகம் ஒரு பாராட்டு விழா எடுத்தது. மேனேஜருக்குச் சந்தன மாலை போட்டார்கள். அவர் முதலாளிக்கும் அதிகாரிக்கும் வருண பகவானுக்கும் நன்றி சொன்னார். தீப்போடும் பெரியவரைத் தேடினேன், காணவில்லை. கூட்டம் முடிகிறவரை புகை வெள்ளையாகவே வர வேண்டும், அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம்.

பந்தியில் கொடுத்த லட்டில் இரண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கொதிகலன் பக்கம் நடந்தேன்.