ஜாக்கெட் பிட்டில் ஒரு நட்சத்திரம்

தகரப் பெட்டியைத் திறந்ததும் ரசகற்பூர வாசம் குப்பென்று மூக்கில் ஏறும். உள்ளே கஞ்சி மொடமொடப்பு மாறாத ஜாக்கெட் பிட்டுகள், அடுக்கடுக்காக. கல்யாணம், சீமந்தம், புதுமனை என்று போன இடத்திலெல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. யாரும் தைத்துக்கொள்வதில்லை... அடுத்த விசேஷத்தில் இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுவோம். எங்கள் வீட்டுப் பிட் ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்த கதையும் உண்டு!

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். வீடு பரமத்தி வேலூர் பக்கம். அதுவரை அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், முதல்முதலாகச் சொந்த லாரி எடுத்திருந்தான். பாடி கட்டும் பட்டறையில் வண்டி நின்றது. வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான். ஒரு நாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவரு அந்தக் கேபின் பலகையிலதானுங்க படுக்கோணும்... ஒட்டுத்துணியில ஒரு மெத்த விரிப்பு தெச்சுப் போடட்டுங்களா அத்தை?"

"கந்தலப் போயி புது வண்டியில விரிப்பாங்களா? ஆகாது!"

நங்கையின் முகம் சுண்டிப்போனது. வந்த வீட்டில் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் அது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். "இது கந்தலாம்மா? எல்லாம் புதுசு. எல்லாம் வெத்தல பாக்கோட வந்தது!"

அம்மா ஒரு பிட்டை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "தெச்சுக் காட்டுங்க. வண்டிப் பூசையன்னிக்கு லட்சணமா இருந்தா வண்டி ஏறும். இல்லீன்னா ஊட்டுலயே கெடக்கும்."

அது போதுமே எங்களுக்கு!

அரக்கு, இலைப்பச்சை, வாடாமல்லி, மயில்கழுத்து... தரையெல்லாம் கலர். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று நானும் நங்கையும் அடித்துக்கொள்ளாத குறை. நடுவில் எட்டு முனை நட்சத்திரம், சுற்றிலும் சதுரங்கள் என்று முடிவானது. நட்சத்திரத்துக்கு வாடாமல்லி, பின்னால் இலைப்பச்சை. நட்சத்திரத்தைத் தைத்து முடித்ததும் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஜொலித்தது.

ஆனால் நங்கை அதைக் கொடியில் போட்டுவிட்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "ஏனோ நட்சத்திரமாட்டவே தெரியில அம்மிணி..." என்றார். உங்களுக்குக் கண்ணில் கோளாறு என்று நான் கேலி செய்தேன்.

மறுநாள் சுற்றி வரும் சதுரங்களை அதே அளவில் வெட்ட மாதிரி வேண்டுமே என்று, தைத்த துணியைக் கடைக்கு எடுத்துப்போய் ஜெராக்ஸ் கண்ணாடி மேல் விரித்துப் பட்டனைத் தட்டினேன். சூடாக வெளியே வந்த தாளைப் பார்த்தால்... நட்சத்திரத்தைக் காணோம்! தாள் முழுக்க ஒரே சாம்பல் கருப்பு. ஆர்.சி. புக் நகல் எடுக்க நின்ற டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதென்ன அம்மிணி, தார் ரோட்ட ஜெராக்ஸ் எடுத்தியா?" என்றார்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வாடாமல்லியும் இலைப்பச்சையும் வேறு வேறு கலர்தான். ஆனால் அழுத்தம் ஒன்றே. நட்சத்திரம் தெரிய வேண்டுமென்றால் ஒன்று வெளுப்பாக இருக்க வேண்டும், இன்னொன்று அழுத்தமாக. எங்கள் பெட்டியில் வெளுப்பே இல்லை! எப்படி இருக்கும்? வெற்றிலை பாக்கோடு யாராவது வெள்ளைத் துணி வைத்துக் கொடுப்பார்களா? வெளுப்பான மாம்பழக் கலர் எப்போதாவது வந்தாலும் அதை மட்டும் அம்மா உடனே தைத்துப் போட்டுக்கொள்வார்.

பூசைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நங்கை அதை வாங்கித் தைத்த துணியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "வெள்ள வெச்சா நட்சத்திரம் தெரியும். ஆனா வெறும் வெள்ள ஆகாதே..." என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விருட்டென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் புது வேட்டி, மறு கையில் மஞ்சள் கரைத்த சொம்பு.

"மஞ்சத்தண்ணியில நனச்சா வெள்ளையும் மங்கலந்தான். மொகத்தத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காம எந்திரிங்க."

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது! காய்ந்ததும் இளமஞ்சளாக வந்த வேட்டியை வெட்டி, இலைப்பச்சையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வைத்தோம். அடேயப்பா... வாசலிலிருந்து பார்த்தாலும் நட்சத்திரம் துள்ளிக்கொண்டு நின்றது. பூசையன்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினில் ஏறி, சுருக்கம் நீவி விரித்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அம்மாதான். கீழே நின்ற நங்கையின் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் அதன் மேல் செருப்புக் காலோடு கிளீனர் ஏறக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டான்.

பல வருஷம் கழித்து வண்டியை விற்றபோது, அந்த விரிப்போடு கொடுத்தால்தான் வாங்குவேன் என்று வந்தவர் ஒற்றைக் காலில் நின்றார். கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தது நங்கை இல்லை, அம்மா. அண்ணன் இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான்.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன்; விரிப்புத் தைப்பதை மட்டும் விடவில்லை. இப்போது எனக்கு எல்லாம் சுலபம். துணிக்கடைக்குள் நின்றபடியே துணிகளை அடுக்கி, போனில் கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ... எது வெளுப்பு, எது அழுத்தம், நொடியில் தெரிந்துவிடுகிறது. கருப்பும் வாங்குகிறேன், வெள்ளையும் வாங்குகிறேன். ஒரு துணிகூட வீணாவதில்லை.

போன வாரம் முடித்த விரிப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா மடியில் விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்குது சாமி... எந்த வண்டிக்கு?"

எங்கள் வீட்டு சோபாவுக்கு என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை.