மாப்பிள்ளை அக்கரையில்

சாண்டி லைப்பர் டாரிக்காரன். ரூபி மாரிஸ் ஃபிட்டிக்காரி. இரண்டும் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்துப் பேட்டைகள்தான். நடுவில் ஆறு கடலில் சேருகிற, கப்பல்கள் நுழைகிற துறைமுக வாய், அவ்வளவுதான். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் போய்ச் சேர வேண்டுமானால் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, மீன் சந்தையைச் சுற்றி, இன்னொரு பஸ் மாறித்தான் போகவேண்டும்.

சாண்டிக்கு மீன் அறுக்கிற வேலை. ஒருநாள் மதியம் பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, எதிர்க்கரையில் ஒரு பெண் காற்றோடு மல்லுக்கட்டிப் படுக்கை விரிப்பைக் காயப்போடுவதைப் பார்த்தான். காற்று ஜெயித்தது. விரிப்பு தண்ணீரில் விழுந்தது. சாண்டி வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னடா இளிப்பு? வந்து எடுத்துக் குடுக்கறது!" என்று கத்தினாள் ரூபி.

"ரெண்டு பஸ் மாறணும்மா!"

"அப்ப இளிக்காதே!"

காதல் இப்படித்தான் ஆரம்பித்தது. கத்திக் கத்தி வளர்த்த காதலில் ரகசியம் ஏது? இரண்டு கரைக்கும் தெரிந்துபோயிற்று. ஒருநாள் சாண்டி "உன்னப் புடிச்சிருக்கு!" என்று கத்தியபோது, நடுவில் கடந்துபோன நார்வே மாலுமி ஒருவன், ரூபிக்கு முந்திக்கொண்டு "எனக்கும் உன்னப் புடிச்சிருக்கு!" என்று சாண்டிக்குப் பதில் சொன்னான்.

தெரியாதவர் ரூபியின் அப்பா ஜீம்ஸ் மாத்திரம்தான். காது கொஞ்சம் மந்தம். துறைமுகப் படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறவங்க வேற ஜில்லா" என்பார். அந்த எல்லையை அவர் பிறப்பதற்கு முன்பே அழித்துவிட்டார்கள். "அதெல்லாம் பேப்பர்ல" என்று தள்ளிவிடுவார். டாரியில் கால் வைத்ததே இல்லை என்பதை, விஸ்கியைத் தொட்டதே இல்லை என்கிறவர்களின் பெருமையோடு சொல்லுவார். விஸ்கியைத் தொட்டிருக்கிறார்.

பெண் கேட்க சாண்டி ஒரு பை நிறைய, பட்டரி என்கிற அந்த ஊர் ரொட்டி வாங்கிக்கொண்டு போனான். பார்த்து அன்றைக்கென்று கடல்மூட்டம் இறங்கியது. மூட்டம் இறங்கினால் டாரிப்பக்கத்துக் கலங்கரை விளக்கில் சங்கு ஊதும். அதற்கு ஊரில் பெயர் டாரி மாடு.

"ஐயா, நான் உங்க பொண்ண..."

ம்ம்மாஆ என்றது மாடு.

"என்னது?"

"உங்க பொண்ணு ரூபிய எனக்கு..."

ம்ம்மாஆ.

"மொதல்ல மாடு சொல்லி முடிக்கட்டும். அப்பறம் நீ சொல்லு" என்றார் ஜீம்ஸ்.

அடுக்களையிலிருந்து ரூபி எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவன் என்னைக் கட்டிக்கக் கேக்கறான். சரின்னு சொல்லித் தொலைங்க. டீ ஆறுது."

ஜீம்ஸ் இன்னொரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். "கல்யாணம் இங்கதான். நான் அந்தாண்ட வரமாட்டேன்."

கடலில் எண்ணெய் கிடைத்த புதிது. கல்யாணத்தன்று குழாய் ஏற்றி வந்த லாரி ஒன்று பாலத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு, பஸ்ஸெல்லாம் நின்றுபோயிற்று. சாண்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் நார்மனிடம் ஒரு படகு இருந்தது. "இதோ இருக்கு அக்கரை. நாலு துடுப்பு போட்டாப் போச்சு" என்றான்.

கில்ட் பாவாடையும் கோட்டுமாகச் சாண்டி ஏறி உட்கார்ந்தான். பாதித் தூரத்தில் மூட்டம் வந்து மூடியது. துறைமுகக் கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கி அதட்டியது.

"அந்தச் சின்னப் படகு! திரும்பிப் போ!"

"கல்யாணத்துக்குப் போறோம்!"

"யார் கல்யாணம்?"

"என்னோடதுதான்!"

ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, "வாழ்த்துகள். திரும்பிப் போ."

நார்மன் கேட்கவில்லை. மாட்டுச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும் என்றான். சத்தமோ நாலு பக்கமும் கேட்டது. ஒருவழியாகப் படகு கரை தட்டியதும் சாண்டி முழங்கால் தண்ணீரில் குதித்து, மூட்டத்துக்குள் எதிரே வந்த அம்மாளிடம் "ஃபிட்டி சர்ச் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

அவள் அவனோடு மீன் அறுக்கிற பெல்லா. "ஆத்துக்கு அந்தாண்ட. காலையிலேயே குடிச்சிட்டியா?"

ஃபிட்டியில் ரூபி காத்திருந்து காத்திருந்து பொறுமை இழந்தாள். "அவன் வரலேன்னா நான் போறேன்" என்று பக்கத்து வீட்டு மீன் வேனில் ஏறிவிட்டாள். பாதிரியாருக்கு நாலு மணிக்கு ஒரு சவ அடக்கம் இருந்தது. "எங்கேயானாலும் சீக்கிரம் முடிச்சாத் தேவலை" என்று அவரும் ஏறினார். ஜீம்ஸையும் ரூபி இழுத்து உள்ளே போட்டாள். லாரி நகர்ந்து பாலம் திறந்திருந்தது. பாலத்தின் நடுவில் ஜீம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார்.

"நான் இங்கயே நிக்கறேன்."

"இங்க நின்னா யார்கிட்ட என் கையைப் புடிச்சுக் குடுப்பீங்க? மீன்கிட்டயா? ஏறுங்கப்பா!"

ஏறினார்.

அவர்கள் வந்தபோது, மறுபடி படகேறப் போன சாண்டியை அவன் அம்மா கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முன்னறையிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பை நனைத்தது. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆசீர்வதித்தார்.

ஜீம்ஸ் மூலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சாண்டியின் அம்மா மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். வேண்டாம் என்றார். பிறகு தின்றார். பிறகு இன்னொரு தட்டுக் கேட்டார். "இந்தாண்ட இப்படிச் சமைப்பாங்கன்னு எவனும் சொல்லலையே" என்று பொதுவாக எல்லோரையும் குறை சொன்னார்.

சாயங்காலம் மூட்டம் விலகியது. எல்லோரும் பாறைக்குப் போனார்கள். ஜீம்ஸ் வாழ்நாளில் முதல்முறையாக எதிர்க்கரையிலிருந்து தன் வீட்டைப் பார்த்தார். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். கண் கலங்குகிறாரோ என்று ரூபி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூரையில ரெண்டு ஓடு காணோம்" என்றார். "இத்தனை வருஷமா எங்கேருந்து ஒழுகுதுன்னு தேடிட்டிருக்கேன். மாப்ளே, உங்கிட்ட ஏணி இருக்கா?"

இருந்தது. ஏணியை பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். கல்யாணமான மறுநாள் காலை சாண்டி அதைத் தோளில் போட்டுக்கொண்டு, டாரியிலிருந்து ஃபிட்டிவரை ஊரைச் சுற்றி நடந்தான். ரூபி பின்னால் ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வழி சொல்லிக்கொண்டே போனாள்.